வாடகை பைக்: முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

அம்மாபேட்டை பையன்களுக்கு ஏற்காடு போக வாடகை பைக் தேவையில்லை. வீட்டு வண்டியிலேயே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி விடுகிறார்கள். அந்தத் தைரியம்தான் பாண்டிச்சேரி, கோவா, பாங்காக் என்று போகும்போது ஆபத்தாகி விடுகிறது.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு?" அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது நம்பர் பிளேட். நம் நாட்டில் வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். 1997-ல் மத்திய அரசு கொண்டு வந்த திட்டப்படி, வாடகைக்கு விடுபவர் அதற்கென்று லைசென்ஸ் எடுக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி. விபத்து நடந்தால், பாலிசி விதியை மீறியதாகச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் லட்சக்கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்!

வெளிநாட்டில் இன்னும் கவனம் தேவை. ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருடம் செல்லும். ஆனால் எல்லா நாட்டிலும் செல்லாது. இந்தியா தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி. வியட்நாம் ஏற்பதோ 1968 வியன்னா ஒப்பந்தப்படி தருவதை. கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் அதைக் காட்டி பைக் ஓட்டவும் முடியாது. செல்லாத லைசென்ஸோடு விழுந்தால் பயணக் காப்பீடும் கை கொடுக்காது.

பாஸ்போர்ட்டை எந்தக் கடையிலும் அடமானமாக வைக்கக் கூடாது. நகலும் முன்பணமும் போதும். வண்டியை எடுக்கும் முன் பழைய கீறல்களைப் போட்டோ எடுத்து, பிரேக்கை அழுத்திப் பார்த்து, தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் கேட்டு வாங்க வேண்டும்.

ஊர் சுற்றுவதில் தப்பில்லை. அப்பா தறி ஓட்டிச் சேர்த்த காசு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால் சரி.