மணலிற் காயும் நெத்தலி

நெத்தலி சிறு மீன். ஆயின் அதனாலாகும் பயன் சிறிதன்று. பெரும்பாலும் 3 அல்லது 4 அங்குல நீளமே உடையது. விலாவில் ஓடும் வெள்ளிக்கோடும், மூக்கின் கீழ் அமைந்த அகன்ற வாயும் இதன் அடையாளங்களாம். கரையோர நீரிற் பெருங்கூட்டமாய்த் திரிந்து, மிதந்து வாழும் நுண்ணுயிர்களை உண்ணும். இதன் முட்டைகளும் நீரில் மிதந்து ஓரிரு நாளிற் பொரிக்கும். பெரும்பாலானவை ஓராண்டளவே வாழ்வன.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கிழக்குக் கரைக் கடல் அமைதியாயிருக்கும். அக்காலத்திலே கரைவலை ஒன்றில் ஒரு கூட்டம் முழுவதும் அகப்படுதல் உண்டு. அன்று வாங்குவோர் போதார். எஞ்சியது மணலிற் பரப்பப்படும். இவ்வழக்கத்தை நாம் கைவிடவேண்டும் என்பதே எனது துணிபு.

காரணம் மீனின் இயல்பிலேயே உள்ளது. இத்துணைச் சிறிய மீனைக் குடல் நீக்கிப் பதனிடல் இயலாது. இறந்தபின் குடலிலுள்ள சமிபாட்டு நீர்கள் வயிற்றுச் சுவரையே அரித்துவிடும். வெயில் ஏறஏற வயிறு வெடிக்கும். கீழிருக்கும் மணலோ ஈரத்தைத் தடுத்துவைக்கும், ஈயும் மொய்க்கும். ஆயின், மெல்லிய உடலாதலாற் காற்றோட்டம் கிடைப்பின் விரைவில் உலர்வதும் இம்மீனே. கேடும் பரிகாரமும் ஒருங்கே அமைந்தன.

ஆகவே, மீன் கரைசேர்ந்தவுடன் தூய நீரிற் கழுவி, உப்புநீரிற் சிறிது நேரம் தோய்த்து, ஏறக்குறைய 3 அடி உயரமுள்ள பரணில் மெல்லிதாகப் பரப்புக. இரவில் மூடிவைக்க. வண்டு விழாதிருக்கப் பூச்சிகொல்லி தெளிப்பாரும் உளர். பயிருக்குரிய நஞ்சை உணவின்மேல் தெளித்தல் பெருந்தீங்காகும். அதனை ஒருபோதும் செய்யற்க.

பரணுக்குச் செலவாகுமே என்பர் சிலர். காட்டுக்கம்பும் பழைய வலையும் எக்கரையிலும் கிடைப்பனவே. பழுதானதைத் தென்னைக்கு எருவாகப் புதைக்கலாமே என்பர் வேறு சிலர். எருவாகும் என்பது மெய்யே. ஆயின் தென்னைக்கு இடச் சாணமும் குழையும் உள. முள்ளோடு முழுவதாய் உண்ணப்படும் நெத்தலியோ புரதத்தையும் கல்சியத்தையும் ஒருங்கே தருவது. இறைச்சியும் பாலும் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு ஈடாய் மலிவான பொருள் வேறு யாது?

நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாடு தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து நெத்தலிக் கருவாட்டை விலைகொடுத்து வாங்குகின்றது. நம் கரையிற் பிடித்ததை மணலிற் கெடவிட்டு, பிறர் கரையில் உலர்ந்ததைக் கடையில் வாங்குதல் அறிவுடைமையாகாது. வரும் பருவத்திற்கு முன்னரே ஒவ்வொரு வாடியிலும் ஒரு பரணாயினும் எழுக. அதன் ஊதியத்தைக் கண்டபின் மற்றவை தாமே எழும்.