திரும்பி வந்த எழுத்து, திரும்பாத பாட்டில்

2022-இல் ரிலையன்ஸ் குழுமம் வாங்கி, 2023 மார்ச்சில் மீண்டும் கடைக்குக் கொண்டுவந்த கேம்பா கோலாவோடு, மகத்தான இந்தியச் சுவை என்று பொருள்படும் 'தி கிரேட் இந்தியன் டேஸ்ட்' என்ற அதன் பழைய விளம்பர வாசகமும் தூசி தட்டி எடுக்கப்பட்டது. ஒரு பொருளின் பழைய பெயரையும் எழுத்துருவையும் புறத்தோற்றத்தையும் புதுச் சரக்கின்மேல் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பும் முறையை வடிவமைப்புத் துறையினர் ரெட்ரோ என்கின்றனர். அது வியாபார உத்தி மட்டுமன்று, இழந்த பண்பாட்டை மீட்கும் தொண்டு என்பது அத்துறை பற்றி எழுதுவோர் பல ஆண்டுகளாக ஓதிவரும் மந்திரம். பழைய பெயர் ஒன்று உயிர்த்தெழும்போதெல்லாம் அது அட்சரம் பிசகாமல் ஒலிக்கிறது.

பழைய வடிவங்கள் காலத்தை வென்றவை என்பது அவர்களது முதல் வாதம். வென்றவை என்றால் இடையில் ஏன் தோற்றன என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. சேத்தக் ஸ்கூட்டரை நினைத்து இன்று உருகுவோர், 2009-இல் ஸ்கூட்டர் தொழிலையே கைவிடுவதாக அறிவித்ததும் 2019-இல் அதே பெயரை மின்சார வண்டிக்குச் சூட்டியதும் ஒரே பஜாஜ் நிறுவனம்தான் என்பதைச் சொல்வதில்லை. மக்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்ற இரண்டாம் வாதத்துக்கு நீண்ட மறுமொழி வேண்டியதில்லை. விற்பனையே பண்பாட்டுக்குச் சான்று என்றால் கொசுவர்த்திச் சுருளும் பண்பாடுதான்.

சுதேசி என்ற மூன்றாம் வாதம் வரலாற்றின் முன் நிற்காது. 1977-இல் கோக்க கோலா இந்தியாவைவிட்டு வெளியேறியபோது, அதுவரை அதற்கே பாட்டில் நிரப்பிக் கொடுத்துவந்த பியூர் டிரிங்க்ஸ் நிறுவனம் காலியான இடத்தில் கொண்டுவந்து வைத்த பானமே கேம்பா. சாய்ந்து வளைந்தோடும் அதன் எழுத்து யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க வடிவமைப்புக் கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை.

ஆயினும் எழுத்தைவிடப் பாட்டிலே முக்கியமானது. அந்தக் காலத்துக் கேம்பா கண்ணாடிப் பாட்டிலில் வந்தது; குடித்தவர் காலி பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனார், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் முன்பணம் கட்டினார், பெட்டி நிரம்பியதும் பாட்டில்கள் ஆலைக்குத் திரும்பின. 2023-இல் வந்தது 10 ரூபாய்க்கு 200 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில், குடித்து முடித்த கணமே அது குப்பை. மீட்கப்பட்டது எழுத்து மட்டுமே. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் ஆலைக்கும் இடையே இருந்த கொடுக்கல் வாங்கல் மீட்கப்படவில்லை. இதைவிடத் தெளிவான சான்று கோலி சோடா. 1872-இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு; தலைகீழாகப் பிடித்து நிரப்பும்போது வாயுவின் அழுத்தம் கோலிக்குண்டைத் தள்ளி அவ்வளையத்தோடு இறுக்கிவிடும்; கட்டை விரலால் குண்டை உள்ளே அழுத்தினால் ஓசையோடு வாய் திறக்கும்; சாய்க்கும்போது குண்டு உருண்டு வந்து மறுபடி வாயை அடைக்காதபடி கழுத்தின் இருபுறக் குழிவு அதைத் தாங்கிக்கொள்ளும். தனி மூடி தேவைப்படாத, நூறு முறை திரும்பி வந்தாலும் நூறு முறையும் மூடிக்கொள்ளும் பாட்டில் அது. திரும்பி வருதலே அதன் வடிவத்துக்குக் காரணம். 2025 மார்ச்சில் இந்திய வர்த்தக அமைச்சகம் 'கோலி பாப் சோடா' என்ற பெயரில் அது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போவதைப் பெருமையோடு அறிவித்தது. கப்பலேறிய அந்தக் காலி பாட்டில், நிரப்பிய ஊருக்கு எந்த வழியாகத் திரும்பும் என்பதைப் பாராட்டியவர்களில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்படியானால் கண்ணாடிப் பாட்டிலையே மீட்கலாமே, அது மண்ணுக்கு உகந்ததாயிற்றே என்பது அவர்களின் கடைசி அரண். திரும்பி வரும் பாட்டிலைக் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துப் பிறகு நல்ல தண்ணீரில் அலசியாக வேண்டும். அந்தத் தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெருமாட்டி ஊராட்சி விடை வைத்திருக்கிறது. உலகிலேயே மிக அழகிய பாட்டில் என்று பாடப்புத்தகங்கள் புகழும் கோக்க கோலாவின் இடை ஒடுங்கிய பாட்டில் 1915-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் உருவானது. அதன் பழைய எளிமையை மீட்டெடுத்த மறுவடிவமைப்புக்கு 2008-இல் கான் விளம்பர விழாவின் வடிவமைப்புப் பெரும்பரிசு கிடைத்தது. அந்நிறுவனத்தின் ஆலை 2000-இல் பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடையில் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், ஊர்க் கிணறுகளின் நீர் சோறு வேகாத அளவுக்குக் கெட்டுவிட்டதென்று இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முதலானோர் 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தனர். உரமென்று உழவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவுச் சேற்றில் ஈயமும் காட்மியமும் இருப்பதை 2003-இல் பிபிசி வானொலிக்காகச் செய்யப்பட்ட ஆய்வு காட்டியது. அதே ஆண்டு ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கான் விழாவில் பரிசு வழங்கப்பட்டபோது மயிலம்மா இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பாட்டிலின் வளைவைப் பக்கம் பக்கமாக வருணிக்கும் எழுத்துகளில் இந்த ஊரின் பெயரைத் தேடுவது வீண்வேலை.

பிளாச்சிமடைக்கு நேர்ந்த இழப்பைக் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை வசூலித்துத் தருவதற்கான தீர்ப்பாய மசோதாவைச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பியது. அது ஒப்புதல் இல்லாமலே திரும்பி வந்துவிட்டது.