கழற்றிய பாகத்துக்கும் விலை உண்டு

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது ஆண்டைத்தான். ஆண்டு முக்கியம். ஆனால், போட்ட பணம் பத்து வருஷம் கழித்துக் குறையாமல் திரும்புமா என்ற கேள்விக்கு அது பாதி விடைதான். ஆலையிலிருந்து வந்தபடியே கருவி இருக்கிறதா, எதையாவது மாற்றியிருந்தால் அதற்குக் கணக்கு உண்டா என்பது மீதிப் பாதி. அந்த மீதி, பழுது பார்ப்பவர்களும் வாங்கி விற்பவர்களுமான நம் கையில் இருக்கிறது.

கிப்ஸன் லெஸ் பாலை எடுத்துக்கொள்வோம். 1958 முதல் 1960 வரை மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ ஆலையில் செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் அன்று எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1961இல் நிறுவனம் அந்த வடிவத்தையே கைவிட்டது. எரிக் கிளாப்டன், மைக் புளூம்ஃபீல்டு போன்றோர் வாசித்த பிறகே பலரும் அதைத் தேடத் தொடங்கினார்கள். 1968இல் கிப்ஸன் பழைய வடிவத்துக்குத் திரும்பியது. சன்பர்ஸ்ட் கிடைக்காதவர்கள் 50களின் கோல்ட்டாப்பை வாங்கி, பொன்னிறத்தைச் சுரண்டி, பி-90 பிக்கப் இருந்த குழியை அகலமாக்கி ஹம்பக்கர் பொருத்தினார்கள். கைதேர்ந்தவர்கள் செய்த வேலை. கருவியும் நன்றாகவே ஒலித்தது. ஆனால் இன்று அசல் சன்பர்ஸ்ட் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. அப்படி உருமாற்றிய கோல்ட்டாப்போ, கை படாத கோல்ட்டாப்பின் விலையைக்கூடப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

ஃபெண்டரிலும் இதே பாடம். 1965 ஜனவரியில் சிபிஎஸ் அந்த நிறுவனத்தை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தைய கருவிகளே உயர்ந்தவை என்று சந்தை கோடு கிழித்தது. 1971க்குப் பின் வந்த, நெக்கை மூன்று திருகாணிகள் பிடித்த ஸ்ட்ராட்டோகாஸ்டரை யாரும் மதிக்கவில்லை. அதனால்தான் 80களில் ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜுக்காகவும் ஹம்பக்கருக்காகவும் அவற்றின் உடலைத் தயங்காமல் குடைந்தார்கள். இன்று 70களின் ஸ்ட்ராட்டுக்கும் நல்ல விலை உண்டு, குடையாமல் தப்பியதற்கு மட்டும். இன்று சாதாரணமாகத் தெரியும் கருவியை நாளைய சந்தை எப்படிப் பார்க்கும் என்று நம்மில் யாராலும் சொல்ல முடியாது.

சிறிய முதலீட்டில் தொடங்குகிறவருக்கு ஜப்பான் நல்ல வழி. 1982இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானுக்காக மாட்சுமோட்டோவின் ஃபுஜிகென் ஆலை செய்த ஜேவி வரிசை எண் கருவிகளும், அதே காலத்து டோக்காய் நிறுவனக் கருவிகளும் விலை நிற்கக்கூடியவை. ஆனால் 70களின் ஜப்பானிய நகல் எல்லாவற்றுக்கும் 'லாசூட்' (வழக்குக்கு உள்ளானது) என்று பட்டம் சூட்டி விலையை ஏற்றுவதை நாம் நிறுத்த வேண்டும். கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின் 1977இல் வழக்குப் போட்டது ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது, அதுவும் ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக. அடுத்த ஆண்டே அது சமரசத்தில் முடிந்தது.

வரிசை எண்ணை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது. ஃபெண்டர் தொழிலாளர்கள் நெக் பிளேட்டை எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை. கிப்ஸன் 60களின் எண்களை 70களிலும் திரும்பப் பதித்தது. நெக்கைக் கழற்றி அடியில் உள்ள தேதியைப் பாருங்கள். பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டரின்) முதுகைப் படியுங்கள்: 1376612 என்றால் சிடிஎஸ் நிறுவனம், 1966ஆம் ஆண்டு, 12ஆவது வாரம். சால்டர் கலையாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். புற ஊதா விளக்கில் பழைய நைட்ரோ லாக்கர் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பின்னால் பூசிய இடமும், ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டிய இடமும் தனியே தெரியும். மறுபூச்சும் உடைந்த ஹெட்ஸ்டாக்கும் ஏறத்தாழ பாதி விலையைத் தின்றுவிடும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. பிரேசில் ஈட்டிப் பலகை என்றால் இன்னொன்றும் உண்டு: 1992 முதல் அந்த மரம் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் வேறு நாட்டுக்குக் கொண்டுபோய் விற்க முடியாது.

கிட்டார் வாசிக்கத்தான். தேய்ந்த பிரெட்டையும் நட்டையும் மாற்றுவது நேர்மையான வேலை. நன்றாகச் செய்தால் விலையைப் பெரிதாகப் பாதிக்காது. கரகரக்கும் பாட்டை மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பார்க்கலாம். மரத்தைக் குடைவதும் பூச்சைச் சுரண்டுவதும் வேறு. அவற்றைத் திருப்பி எடுக்க வழியில்லை. உரிமையாளர் கேட்டாலும், அவர் இழக்கப்போகும் தொகையை முதலில் சொல்லுங்கள்.

நம் தொழிலில் இருப்பவர்களிடம் மூன்று கோரிக்கைகள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், பழைய திருகாணி உட்பட, பையில் போட்டுப் பெயர் எழுதி உரிமையாளரிடமே கொடுங்கள். கருவியைத் திறக்கும்போது தேதி, பாட் எண், சால்டர் ஆகியவற்றைப் படம் எடுத்து, செய்த வேலையைத் தேதியோடும் கையொப்பத்தோடும் எழுதிக் கொடுங்கள். விற்கும்போது தெரிந்த மாற்றம் அனைத்தையும் பில்லிலேயே குறிப்பிடுங்கள். நிலம் வாங்குகிறவர் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல, கிட்டார் வாங்குகிறவர் கேட்டுப் பார்க்க ஒரு சீட்டு இருக்க வேண்டும். அதை எழுதித் தரக்கூடியவர்கள் நாம்தான்; இந்த மாதம் மேசைக்கு வரும் முதல் கருவியிலிருந்தே எழுதத் தொடங்குவோம்.