அறை ரெடி... இ-பாஸ் எங்கே?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் மே மாதம் ஊட்டிக்குக் காரில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்வராயன் மலை பக்கத்திலேயே இருந்தாலும் பிள்ளைகளுக்கு மலை ரயில்தான் வேண்டும்! ஆப்பில் இரண்டு நாளுக்கு அறை வாடகை 5,000 ரூபாய். அதே அறை 'நான்-ரீஃபண்டபிள்' என்றால் 4,400. அறுநூறு மிச்சம் என்று அப்பா அதையே தட்டிவிடுகிறார்.

அப்புறம்தான் இ-பாஸ் ஞாபகம் வருகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. ஊட்டிக்கு வார நாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. அந்தச் சனிக்கிழமைக்கு பாஸ் தீர்ந்துபோனால், 600 ரூபாய் லாபத்துக்காக 4,400 ரூபாய் போகும். அதனால் பாஸ் கைக்கு வரும்வரை, கொஞ்சம் கூடுதலானாலும் 'ஃப்ரீ கேன்சலேஷன்' அறைதான் புத்திசாலித்தனம்.

அதிலும் கெடு உண்டு. 'செக்-இன்னுக்கு 48 மணி நேரம் முன்பு' என்று இருந்து, சனிக்கிழமை பகல் 12 மணிக்கு செக்-இன் என்றால், வியாழன் பகல் 12 மணியோடு சலுகை முடிந்தது. வியாழன் ராத்திரி சாவகாசமாக ரத்து செய்தால், பல ஹோட்டல்களில் முதல் நாள் வாடகை, அதாவது 2,500 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். ஆப்பின் சேவைக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. சொல்லாமல் போகாமலே இருந்துவிட்டால் 'நோ-ஷோ'. பல இடங்களில் முழுப் பணமும் அவ்வளவுதான்.

'தேதியை மாற்றிக்கொண்டால் போச்சு' என்பதும் இலவசமில்லை. புதிய தேதியில் வாடகை 3,000 என்றால், இரண்டு நாளுக்குக் கூடுதலாக 1,000 கட்ட வேண்டியிருக்கும்.

ரத்து பட்டனைத் தொடும் முன் ஹோட்டல் மேனேஜருக்கே ஒரு போன் போடலாம். சீசனில் அந்த அறை வேறு யாருக்காவது போய்விடும் என்பதால் சிலர் இறங்கி வருவார்கள். சம்மதித்தால் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி வாங்கி, ஆப்புக்கும் அனுப்ப வேண்டும். ஒப்புக்கொண்ட பணம் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று, அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறினால் அறையை ரத்து செய்யவே வேண்டாம். டிக்கெட் கிடைத்தால் பிள்ளைகள் கேட்ட மலை ரயிலும் அங்கிருந்துதான் புறப்படுகிறது.