ஒரே பெயர், இரண்டு கூலி

விமானம் ஓட்டுகிறவர் என்றால் நம் தொழிலாளிகளிடையே ஒரு நினைப்பு உண்டு. வெள்ளைச் சட்டை, தோளிலே தங்கப் பட்டை, கை நிறையச் சம்பளம். அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். ஸ்பின்னிங்கில் நூல் முடிகிறவருக்கும், சேற்றிலே நாற்று நடுகிறவருக்கும் விமானியின் சம்பளக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். கணக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

சங்கதி அமெரிக்காவில் நடப்பது. அங்கே டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் என்று மூன்று ராட்சத விமானக் கம்பெனிகள். பெரிய நகரங்களுக்கிடையே இவை தாமே விமானம் விடுகின்றன. சிற்றூர்களிலிருந்து பிரயாணிகளை ஏற்றிவந்து பெரிய நகரத்தில் சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் வேறு சிறு கம்பெனிகளிடம் காண்ட்ராக்ட் விட்டிருக்கின்றன. பிராந்திய விமானக் கம்பெனிகள் என்று இவற்றுக்குப் பெயர். விமானத்தின் மேலே பெரிய கம்பெனியின் பெயர், அதன் சாயம். டிக்கெட்டும் அதன் பெயரில்தான். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவர் மட்டும் வேறு கம்பெனியின் ஆள். அவருக்கு வேறு சம்பளம்.

இத்தனை தடவை பறந்தால் இத்தனை பணம் என்று பெரிய கம்பெனி சிறிய கம்பெனிக்குக் கொடுக்கிறது. எரிபொருள் செலவையும் பெரும்பாலும் பெரிய கம்பெனியே ஏற்கிறது. டிக்கெட் விலை ஏறினாலும் சின்னதற்கு அதில் பங்கு கிடையாது. அப்படியானால் சிறு முதலாளி லாபத்தை எங்கிருந்து கறப்பார்? கூலியிலிருந்துதான். காண்ட்ராக்ட் கைமாறும்போதெல்லாம் குறைந்த கூலிக்கு ஓட்டுகிற கம்பெனிக்கே அது போகும்.

இந்த வேலைக்கு வர ஒரு வாலிபர் என்ன செய்ய வேண்டும்? சொந்தப் பணம் கட்டி ஓட்டக் கற்க வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளையாக இல்லாவிட்டால் கடன்தான்; 80,000 டாலர், ஒரு லட்சம் டாலர் என்று கடன். 2013 முதல், சாதாரணமாக 1,500 மணி நேரம் பறந்த கணக்கும் காட்ட வேண்டும். அதைச் சேர்க்க, புதிதாகக் கற்கிறவர்களுக்கு வாத்தியாராகச் சொற்பக் கூலிக்குப் பறக்கிறார்கள். இத்தனையும் முடித்துச் சேருகிறவருக்கு, இந்த நூற்றாண்டின் முதல் பதினைந்து வருடங்களிலே பல பிராந்தியக் கம்பெனிகள் கொடுத்த ஆரம்பச் சம்பளம் வருடத்துக்குச் சுமார் 20,000 டாலர்!

அதுவும் மணிக் கணக்கு. எந்த மணி? விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் மறு ஊரில் போய் நிற்பது வரை உள்ள மணி. முன்கூட்டியே வந்து விமானத்தைச் சோதிக்கிற நேரம், இரண்டு பயணத்துக்கு நடுவே காத்துக் கிடக்கிற நேரம், இவற்றுக்குச் சிறு பேட்டாதான். மாதத்துக்குச் சுமார் 75 மணிக்குக் குறையாமல் கணக்குத் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அந்த 75 மணிக்காக வீட்டை விட்டு வெளியே கிடப்பது அதைப்போல் மூன்று பங்கு நேரம் இருக்கும். தறி நின்ற நேரத்துக்குக் கூலி இல்லை என்கிற விசைத்தறி முதலாளியின் கணக்கு நமக்குத் தெரியாததா?

இந்தக் கணக்கு 2009-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இரவு உலகத்துக்குத் தெரிந்தது. நியூயார்க் மாகாணத்தில் பஃபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார்கள். விமானத்தின் மேலே காண்டினென்டல் என்ற பெரிய பெயர். ஓட்டியது கோல்கன் என்ற சிறு கம்பெனி.

பகிரங்க விசாரணை நடந்தது. துணை விமானி ஒரு இளம் பெண். அவருடைய வருடச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் வெளிவந்தது. இல்லை, 23,000-க்கு மேல் என்று கம்பெனி பிறகு விளக்கம் கொடுத்தது. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதே 2009 ஜூலையில் அமெரிக்க மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் ஆயிற்று. வாரம் 40 மணி வீதம் வருடம் முழுவதும் வேலை செய்தால் 15,080 டாலர். தட்டுக் கழுவுகிறவருக்குச் சட்டம் கொடுக்கும் கூலிக்கும், ஐம்பது உயிரைக் கையில் பிடித்துப் பறக்கிறவரின் கூலிக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான். (தட்டுக் கழுவுகிறவருக்கு அதிகம் என்று யாரும் அர்த்தம் பண்ண வேண்டாம்!)

அந்தப் பெண்ணுக்கு வேலை கிழக்குக் கரையில் நியூவார்க்கில். வீடு மேற்குக் கரையில் சியாட்டில் பக்கம். இரவெல்லாம் வேறு விமானங்களில் தொற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். உடம்பும் சரியில்லை. வேலைக்கு வந்த இடத்தில் லீவு சொன்னால், தேறும்வரை ஓட்டல் வாடகை தன் கையிலிருந்துதான் என்று அவர் சொன்னது விமானத்தின் ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. தலைமை விமானியும் ஊழியர் அறையிலே இரவைக் கழித்தவர்தான். தலைமை விமானி தவறாக இயக்கியதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு தீர்ப்புச் சொன்னது. இருவரும் களைப்பால் பாதிக்கப்பட்டிருக்கக் கூடும், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியவில்லை என்றும் எழுதியது. அளக்க முடியாததுதான். நைட் ஷிப்டில் கண் சொருகி விரலை மிஷினில் கொடுத்தவரைப் பற்றியும் ‘கவனக் குறைவு’ என்றுதானே மானேஜர் எழுதுகிறார்!

ஆரம்பத்தில் கஷ்டப்பட்டால் பின்னால் சுகப்படலாம் என்று ஒரு வாதம் உண்டு. கொஞ்சம் உண்மையும் உண்டு. பெரிய கம்பெனியின் தலைமை விமானி நன்றாகவே சம்பாதிக்கிறார். ஆனால் அந்த ஏணியில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சம்பளம், ஓட்டும் வழி, லீவு எல்லாம் சேர்ந்த வரிசைப்படி. வேறு கம்பெனிக்குப் போனால், பதினைந்து வருட அனுபவம் இருந்தாலும் மறுபடி கடைசி ஆள். ஆகவே அநியாயம் தெரிந்தும் அங்கேயே கிடக்கிறார்கள். மேல் படிக்கும் உத்தரவாதமில்லை. 2009 ஜனவரியில் ஹட்ஸன் நதியில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சல்லன்பெர்கரை உலகம் புகழ்ந்தது. மறு மாதமே அவர் அமெரிக்கப் பார்லிமெண்டுக் கமிட்டியில் போய், தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும், கம்பெனி பென்ஷன் பறிபோனதையும் சொன்னார்.

எதிர்த்துப் போராடவில்லையா? போராடினார்கள். டெல்டாவுக்குச் சொந்தமான காமேர் என்ற பிராந்தியக் கம்பெனியின் விமானிகள் 2001 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கி 89 நாள் நின்றார்கள். சம்பள உயர்வு பெற்றார்கள். பிறகு 2005-ல் டெல்டா திவால் மனுப் போட்டது, சலுகைகள் வெட்டப்பட்டன. 2012 செப்டம்பரில் காமேரையே இழுத்து மூடினார்கள். செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். பிரயாணிகளோ மறுநாளும் டெல்டா டிக்கெட்டில்தான் பறந்தார்கள்.

2022-ல் காற்று மாறியது. கொரோனா காலத்தில் பெரிய கம்பெனிகள் மூத்த விமானிகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டன. பயணம் பழையபடி பெருகியபோது ஆள் இல்லை! உடனே அமெரிக்கன் கம்பெனிக்குச் சொந்தமான பீட்மாண்ட், என்வாய் இரண்டிலும் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தார்கள். ஒரு காலத்தில் 20, 22 டாலர் கொடுத்துக்கொண்டு, இதற்கு மேல் கட்டாது என்று அழுத தொழில் இது. பணம் எங்கிருந்து வந்தது? எப்போதும் இருந்த பணம்தான். 2024-ல் பெரிய கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்ததும் வாலிபர்கள் மறுபடி வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

ஆகவே இந்த வேலையை எடை போடுகிற வாலிபர், முதல் வருடச் சம்பளத்தைக் கடைசியில் பார்க்கட்டும். காத்திருக்கும் நேரத்துக்கு என்ன கூலி, சேரும்போது கொடுக்கும் போனஸையோ பயிற்சிச் செலவையோ நடுவில் விலகினால் திருப்பிக் கேட்பார்களா, இவற்றை முதலில் படிக்கட்டும். பயிற்சிக் கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது பண்ணையாளுக்கு முன்பணம் கொடுத்த கதைதான். விமானம் ஓட்டத் தெரிந்தவருக்கும் அதே கயிறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது முதலாளியை மட்டும் ஏசித் தீருகிற விஷயமல்ல. பெரிய கம்பெனி விமானிகள் தங்கள் ஒப்பந்தங்களில் ஒரு வேலி போட்டார்கள்: 76 இருக்கைக்கு மேற்பட்ட விமானத்தைச் சிறு கம்பெனி தங்கள் பெயரில் ஓட்டக் கூடாது என்று. தங்கள் வேலையைக் காக்கப் போட்ட வேலி. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் மலிவுக் கூலிக்கு ஓட்டிக்கொள் என்று அதற்குள்ளேயே சம்மதமும் இருக்கிறது. 1931-ல் தொடங்கிய விமானிகள் சங்கம் டெல்டா, யுனைடெட் விமானிகளுக்காகவும் பேசுகிறது. பிராந்தியக் கம்பெனிகள் பலவற்றின் விமானிகளுக்காகவும் பேசுகிறது. ஒரே சங்கம், ஒரே சாயம் பூசிய விமானங்கள், தனித்தனி ஒப்பந்தங்கள். நம் மில்களில் பெர்மனெண்ட் தொழிலாளி கையெழுத்துப் போடும்போது காண்ட்ராக்ட் தொழிலாளி கேட்டுக்கு வெளியே நிற்கிறாரே, அதுவேதான்.

அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குப் போகிற நம் சங்கத் தோழர்கள், கோரிக்கைப் பட்டியலில் காண்ட்ராக்ட் ஆட்களின் கூலியை எத்தனாவது இடத்தில் எழுதியிருக்கிறோம் என்று ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.