அந்தப் புள்ளைங்க அப்படித்தானா?

முனைவர் பட்ட ஆய்வுக்காக, கடத்தூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போகும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒரு பள்ளியில், காலனிப் பையன் ஒருவனுக்குப் 'பேச்சு சரியில்லை' என்றார்கள். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றான், அவ்வளவுதான். ஊர்த்தெருப் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

அதே காலனியில் 7 வயதுச் சிறுமி. கூப்பிட்டால் திரும்புவதில்லை. 'அந்தப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்' என்று விட்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு காதும் கேட்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் சிகிச்சை 6 வயதுக்கு உட்பட்டோருக்குத்தான். இனிக் கேட்புக்கருவி, சைகை மொழி என்று வழி இருக்கிறது. போன ஆண்டுகளை யார் தருவார்?

இல்லாத குறையைக் கண்டுபிடித்ததும், இருந்த குறையைப் பார்க்க மறுத்ததும் ஒரே சாதிக் கண்தான்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளின் கேட்கும் திறனையும் பார்க்க வேண்டும். உங்கள் ஊர்க் காலனி அங்கன்வாடிக்குக் கடைசியாக எப்போது வந்தார்கள்? போய்க் கேளுங்கள் தோழர்களே. ஒன்றியத்துக்கு ஒரு நிரந்தரப் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்போம்.