எந்த டிஸ்க் போடலாம்?



மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் நெருங்கினால் நம் விடுதியில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் ஆசை வந்துவிடும். பார்ட்ஸ் வாங்கி நாமே அசெம்பிள் செய்தால் நாலு காசு மிச்சம், தொழிலும் கைவரும். நல்ல யோசனைதான். பிராசஸர், மதர்போர்டு வரை பெரிய குழப்பம் இல்லை. டிஸ்க் என்று வரும்போதுதான் தகராறு. "மாப்ள, இருக்கறதுலயே ஸ்பீடு எதுவோ அதைப் போடுவோம்" என்பான் ஒருவன். "அதையே ரெண்டு வாங்கி ரெய்டு போட்டா டபுள் ஸ்பீடுடா" என்பான் இன்னொருவன். கடைக்காரரும் "ஏழாயிரம் எம்பி வேகமுங்க தம்பி" என்று பெட்டியைத் திருப்பிக் காட்டுவார்.

என் கருத்து இதுதான்: பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பொய்யில்லை. ஆனால் அது பெரும்பாலும் நம் வேலைக்கான வேகம் இல்லை. தறி ஓட்டியும், லாரி ஓட்டியும், மரவள்ளி போட்டும் வீட்டில் சேர்த்த காசை அந்த ஒரு நம்பருக்காகக் கொட்டக் கூடாது.

முட்டைக் கணக்கு

நாமக்கல்லில் ஒரு லாரி நிறைய முட்டை ஏற்றிக் கேரளாவில் ஒரே குடோனில் இறக்குவது ஒரு வேலை. அதே முட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு ராசிபுரத்தில் கடைகடையாக ஒரு ட்ரே, அரை ட்ரே என்று போடுவது வேறு வேலை. முதல் வேலைக்குப் பெரிய வண்டி வேண்டும். இரண்டாவதில் வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு கடையிலும் நிறுத்தி இறக்க ஆகும் நேரம்தான் கணக்கு.

பெட்டியில் எழுதியிருப்பது கேரளா லாரியின் வேகம். ஆனால் கம்ப்யூட்டர் ஆன் ஆவதும், ஆட்டோகேட் திறப்பதும், புரோகிராம் கம்பைல் ஆவதும் பெரும்பாலும் மொபெட் வேலை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்க வேண்டும்.

நாம்தான் டிப்ளமோ படிக்கிறோமே, கணக்குப் போட்டே பார்ப்போம். ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி செகண்ட். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.17 மில்லி செகண்ட். கை நகர்ந்து போக இன்னும் 8 அல்லது 9. ஆக ஒரு தேடலுக்குச் சுமார் 12 மில்லி செகண்ட். நொடிக்கு 80 தேடல்! ஒவ்வொன்றிலும் 4 கேபி எடுத்தால், நொடிக்கு 320 கேபிதான்.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே ஒரு தேடலைச் சுமார் 0.1 மில்லி செகண்டில் முடிக்கும். நொடிக்குப் பத்தாயிரம் தேடல், 40 எம்பி. ஒரே தாவலில் நூறு மடங்குக்கு மேல்! 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்கான ராமாக்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது. ஒரு தேடலுக்குச் சராசரி 600 மில்லி செகண்ட். அதிலிருந்து 12-க்கு வந்தது ஐம்பது மடங்கு. சுழலும் தட்டை விட்டதும் கிடைத்ததோ அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்போ என்விஎம்இ எதற்கு?

சாட்டா கேபிள் நொடிக்குச் சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 என்விஎம்இ 7000 எம்பி போகும். பதிமூன்று மடங்கு போலத் தெரிகிறது அல்லவா? ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்ன ஃபைல் எடுக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை, இரண்டு மடங்குதான். அதிலும் பிராசஸருக்கு என்று தனி வேலை இருக்கிறது. கடைசியில் விண்டோஸ் திறக்கையில் நம் கண்ணுக்குத் தெரிவது ஓரிரு நொடி!

2011-ல் என்விஎம்இ விதிமுறை வந்தபோது பெரிதாகப் பேசப்பட்டது அதன் வரிசைகள். பழைய ஏஎச்சிஐ முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளை. புதியதில் அறுபத்தைந்தாயிரம் வரிசை வரை வைக்கலாம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்கும் சர்வருக்கு அது வரம். விடுதி அறையில் கேட்பவன் நீ ஒருவன்தானேப்பா?

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் நண்பர்களுக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது. அவர்கள் வேலை லாரி வேலை. தாராளமாக வேகமானதை வாங்கலாம். ஆனால் ஒரு விஷயம், நொடிக்கு 150 எம்பி தரும் ஹார்ட் டிஸ்கிலிருந்து காப்பி செய்தால் 7000 எம்பி டிஸ்கும் 150-க்கு மேல் வாங்க முடியாது.

இன்னொன்று, மலிவான எஸ்எஸ்டிகளில் முதல் சில ஜிபிதான் பெட்டி வேகத்தில் எழுதும். அந்தத் தற்காலிக இடம் நிரம்பியதும் வேகம் சரியும். கியூஎல்சி வகையில் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்குவதும் உண்டு. ஆகவே நம்பரைக் கேட்காதீர்கள், "டிஎல்சியா, கியூஎல்சியா?" என்று கேளுங்கள்.

ரெய்டு ஜீரோ வேண்டாம்

1988-ல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதிய கட்டுரையில் வகைகள் ஒன்றில்தான் தொடங்கின. ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்ப வேண்டும் என்பதே அதன் உயிர். ஜீரோ என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதில் பாதுகாப்பும் ஜீரோ! ஒரு டிஸ்க் பழுதாக நூற்றுக்கு மூன்று வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டைச் சேர்த்தால் கிட்டத்தட்ட ஆறு. ஒன்று போனால் இரண்டிலும் இருந்தது போச்சு. சின்ன ஃபைல் தேடுவதிலோ வேகம் கூடுவதே இல்லை. வைவாவுக்கு முதல் நாள் புராஜெக்டைத் தொலைத்துவிட்டு வேகத்தை வைத்து என்ன செய்வது?

என் சிபாரிசு

ஓஎஸ்ஸும் சாஃப்ட்வேரும் போட 500 ஜிபி டிஎல்சி என்விஎம்இ ஒன்று, நடுத்தர விலையில். மிச்சக் காசில் ராம் கூட்டுங்கள். ராம் போதாமல் டிஸ்கை நாடும்போதுதான் எந்தக் கம்ப்யூட்டரும் திணறும். கூடவே பேக்கப்புக்கு ஒரு சாதா ஹார்ட் டிஸ்க். வாங்கும் முன் மதர்போர்டு மேனுவலைப் படியுங்கள். சில போர்டுகளில் எம்.2 சாட்டா மட்டும் எடுக்கும். சிலவற்றில் எம்.2 போட்டால் ஒரு சாட்டா போர்ட் செத்துவிடும்.

நம்ம சேலத்து சித்திரை வெயிலையும் மறக்க வேண்டாம். 40 டிகிரியில் மூடிய கேபினெட்டுக்குள் என்விஎம்இ கொதித்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்கும் ஒரு ஃபேனும் போடுங்கள். கரண்ட் பட்டென்று போகும் ஊராக இருந்தால் யூபிஎஸ் அவசியம்.

புதிதாக வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த மெஷின் பரண் மேல் கிடக்கும். என் அக்காவின் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டேன். இன்று என் சி புரோகிராம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. நூறு மடங்குத் தாவல் அங்கேயே கிடைத்துவிட்டது.

நண்பர்களே, நாளை நாமும் நாலு பேருக்கு அசெம்பிள் செய்து தரப்போகிறவர்கள். அப்போது வாங்க வருகிறவரிடம் முதலில் "என்ன வேலைக்குங்க?" என்று கேட்போம். அந்தப் பதிலுக்கு ஏற்ற டிஸ்கை எடுத்துக் கொடுப்பதுதான் படித்தவனின் வேலை.